மேல்மூடியைக் கழற்றாமல் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவரின் தங்கை,
கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்கு மேல்மாடி,
நீர்த்தொட்டிச் சந்து.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
வாகன விபத்து ஆய்வுப் பிரிவு.

பொருள்: ஆய்வகக் கட்டட வாகன நிறுத்துமிடத்தில் காவலர் ஒருவர் உயிரிழந்த விபத்து – தொடர்புடைய மோட்டார் சைக்கிளை நசுக்கும் ஆலைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்து, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி மறு ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் ஆய்வறிக்கை, ஐந்தாம் பத்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆய்வு நாளன்று தங்கள் வாகனக் கிடங்கில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "இந்த ஹேண்டில்பார் வண்டியோடு வந்ததில்லை, மாற்றியது." ஆய்வாளர் எங்களைப் பார்த்து, "வண்டியில எதையாவது மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். என் தந்தை, "எல்லாம் ஒரிஜினல் சார்" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஆய்வாளர் 'மாற்றம் ஏதும் இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்.

அப்பா பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பது ஒரு காரணம். அது முக்கியமான செய்தி என்று அன்று எனக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம். இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

1. விபத்தில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் என் அக்கா. ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை செய்தவர். நரம்பு பிடிபடாத முதியவர்களையும் வீறிட்டு அழும் குழந்தைகளையும் மற்ற ஊழியர்கள் அவரிடம்தான் அனுப்பி வைப்பார்கள். கை நடுங்காது என்று பெயர் எடுத்தவர். தங்கள் அறிக்கையின் ஐந்தாம் பத்தி, 'குட்டையான உடலமைப்பு கொண்ட ஓட்டுநர், கனமான வாகனத்தைத் திருப்பும்போது பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டார்' என்கிறது. குட்டை என்பது உண்மை. மற்றதைப் பற்றியே இம்மனு.

2. வாகனம் என் தந்தையுடையது. நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள். நான் பிறப்பதற்கு முன்பே வேறொருவரிடமிருந்து வாங்கியது. இளமையில் அப்பாவும் அம்மாவும் அதில் போகாத சாலை இல்லை. அம்மா அதை "என் சக்களத்தி" என்பார். "எனக்கு ஒரு புடவை எடுக்க யோசிப்பாரு, அவளுக்கு மெழுகு வாங்கக் கேக்காமலே ஓடுவாரு" என்று விருந்தினரிடம் சொல்லிச் சிரிப்பார். வண்டியின் ஹேண்டில்பாருக்கு நடுவே, கேபிள்களும் இணைப்புகளும் வெளியே தெரியாதபடி மறைக்கும் வெள்ளிப்பூச்சு மேல்மூடி ஒன்று உண்டு. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் பொறித்தது. அதைப் பிடித்து வைக்கும் கிளிப்புகள் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அப்பா சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். வண்டியை நிறுத்தியதும் இறங்கி, அந்த மூடியைத் துடைத்துவிட்டுத்தான் சாவியை எடுப்பார். சிக்னலில் யாராவது வண்டியைப் பார்த்து வியந்தால் அவர் சொல்வது ஒரே வாசகம்: "எல்லாம் ஒரிஜினல்." கிடங்கில் ஆய்வாளரிடம் அவர் சொன்னதும் அதுவே. அதை ஏமாற்று என்று தாங்கள் கொள்ள வேண்டாம். பல வருடங்களாகப் பழகிப்போன வாய் அது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

3. அப்பாவின் முழங்கால்கள் தேய்ந்து அவரால் வண்டி ஓட்ட முடியாமல் போனபின் அது அக்காவுக்கு வந்தது. அக்கா கைகள் நீளம் குறைந்தவர். பழைய ஹேண்டில்பார் எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்தது. முன்னால் சாய்ந்தே ஓட்டியாக வேண்டும். வேலைக்குப் போய் வந்தாலே முதுகு பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் அந்த வண்டியை விட அவருக்கு மனமில்லை. ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் உயரமான ஹேண்டில்பார் கடையில் கிடைக்கும், அதை மாட்டினால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம் என்று அறிந்து அப்பாவிடம் கேட்டார். அப்பா மூன்று வேளைச் சாப்பாட்டின்போதும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "மாத்திக்கோ. ஆனா மூஞ்சி மாறக் கூடாது." மூஞ்சி என்று அவர் சொன்னது அந்த மேல்மூடியை.

4. வேலையைச் செய்தவர் எங்கள் சந்தின் முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். வண்டியைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதால் எல்லோரும் அவரை 'சர்ஜன்' என்று கூப்பிடுவார்கள். அவரும் அதில் பெருமை கொள்பவர். வாடிக்கையாளரை உள்ளே விடாமல், "ஆபரேஷன் நடக்குது, வெளிய உக்காருங்க" என்பார். ஹேண்டில்பார் உயர்ந்தால் அதனோடு இணைந்த கேபிள்களும் நீளமாக வேண்டும் என்று அவர் முதலிலேயே சொன்னார். பிரேக் குழாயையும் கிளச் கேபிளையும் நீளமானதாக மாற்றினார். ஆக்ஸிலரேட்டர் கேபிளில்தான் சிக்கல் வந்தது. நீளமான கேபிளைப் போட்டால் அது மடிந்து புடைத்துக்கொண்டு நின்றது, மேல்மூடி அடையவில்லை. மூடியின் உட்புறத்தில் ஓரிடத்தைச் சீவினால் அடையும் என்றார். அன்று அப்பாவும் அங்கே இருந்தார். "கத்தி வெக்கிற வேலையெல்லாம் வேணாம்" என்றார். கடைசியில் பழைய ஆக்ஸிலரேட்டர் கேபிளையே, சுற்றி வராமல் நேராக, மிகக் குறுகிய வழியில் கொண்டுவந்து இணைத்தார். எட்டியது. இழுத்துப் பிடிக்காமல், ஒரு விரல் நுழையும் தளர்ச்சியோடு எட்டியது.

5. அதன்பின் நடந்ததன் வரிசை முக்கியமானது என்பதால் தனியே எழுதுகிறேன். சர்ஜன் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். என்ஜின் சத்தம் மாறவில்லை. அப்போது மேல்மூடி போடப்பட்டிருக்கவில்லை. அது அப்பாவின் மடியில், மஞ்சள் துணியில் சுற்றியபடி இருந்தது. கிளிப்பை வேறு யாராவது ஒடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், மூடியைத் தாமே வீட்டில் பொருத்திக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். கீழே உள்ள தம் கடையில் ஆளுயரக் கண்ணாடியையும் கீறல் விழாமல் சட்டத்துக்குள் இறக்கும் கை அவருடையது. அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில், ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தி, மூடியைப் பொருத்தியவர் என் தந்தை. ஒரு கிளிப்கூட ஒடியவில்லை. அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்தார், அக்கா கை தட்டினார். பார்ப்பதற்கு வண்டி பழையபடியே இருந்தது. மூடி போட்டபின் என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை யாரும் கோடி வரை திருப்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

6. நான் நூல்களுக்குப் பொருளடைவு தயாரிக்கும் வேலையை வீட்டிலிருந்து செய்பவள். என் மேசை வாசற்கதவுக்கு நேர் மேலே உள்ள சன்னலோரம் இருக்கிறது. எங்கள் சந்து குறுகலானது. வண்டியை வெளியே எடுக்க, இடப்பக்கம் நன்றாக ஒடித்துத் திருப்ப வேண்டும். மூடி போட்ட மறுநாளிலிருந்து, அக்கா அப்படித் திருப்பும்போதெல்லாம் என்ஜின் ஒரு கணம் குரல் உயர்த்தித் தணிந்தது. அது அக்கா என்னிடம் விடைபெறும் முறை என்று நினைத்துக்கொண்டேன். நான் அதிகம் வெளியே போகாதவள், அதிகம் பேசாதவள். அப்படி ஒருவர் தினமும் காலையில் எனக்காகச் சத்தம் எழுப்பிவிட்டுப் போவது எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் சன்னல் வழியே, "என்னக்கா, ரொம்ப முறுக்குற?" என்றேன். அவர் தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "நான் எங்கடி முறுக்கினேன்? உன்னைப் பாத்தா அதுவே கத்துது" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் சொன்னது வேடிக்கைக்காக அல்ல, உள்ளபடியே சொன்னார் என்று இப்போது தெரிகிறது. காலையில் என்ஜின் குளிர்ந்திருப்பதால் அப்படிக் கத்துகிறது என்று அவர் எண்ணியிருக்கிறார்.

7. உயிரிழந்தவர் ஆய்வகக் கட்டடத்தின் நிறுத்துமிடக் காவலர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கியதால் அங்கே அனைவருக்கும் அவர் 'விசில்காரர்'. அக்காவின் வண்டிக்கென்று தூண் ஓரமாக ஓர் இடத்தைக் காலையிலேயே பிடித்து வைப்பவர். வண்டி நுழையும்போது, "ராணி வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று கார்க்காரர்களை விரட்டுவாராம். அக்கா, "ராணி வண்டியா, நானா?" என்று கேட்டால், "வண்டிதாம்மா. நீங்க டிரைவர்" என்பாராம். அன்று வழக்கமான வெளிவாசலுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததால், வாகனங்களைப் பின்பக்கத்துப் பழைய வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அந்த வழியில் ஒரு தூணைச் சுற்றி இடப்பக்கம் முழுதாக ஒடித்தால்தான் வெளியே வர முடியும். வண்டி கனமானது, அக்கா சிரமப்படுவார் என்று விசில்காரர் தம் இடத்தை விட்டு வந்து, தூணருகே நின்று, "வாங்க, வாங்க, இன்னும் லெஃப்ட், இன்னும்" என்று வழிகாட்டியிருக்கிறார். அக்கா அவர் சொன்னபடியே திருப்பினார். வண்டி பாய்ந்தது. அவர் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் அகப்பட்டார்.

8. கண்காணிப்பு கேமராவின் பதிவில் வண்டி பாய்ந்த கணத்தில் பிரேக் விளக்கு எரிவது தெரிகிறது. அறிக்கை இதை, 'தாமதமாகப் பிரேக் பிடித்ததைக் காட்டுகிறது' என்று விளக்குகிறது. ஓட்டுநர் முன்பே பிடித்திருந்தார், பிடித்தும் வண்டி நிற்கவில்லை என்றும் அதே விளக்குக்குப் பொருள் கொள்ளலாம் அல்லவா? நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்மணி தம் வாக்குமூலத்தில், "வண்டி ஓன்னு அலறிச்சு. சாஞ்சு விழுந்ததும் தானா அடங்கிருச்சு" என்று சொல்லியிருக்கிறார். விழுந்தபோது ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பியிருந்தது புகைப்படத்தில் உள்ளது. ஒருவர் முறுக்கியதால் அலறிய என்ஜின், அவர் கை எடுத்ததும் அடங்கும். கேபிள் இழுபட்டதால் அலறிய என்ஜின், ஹேண்டில்பார் மறுபக்கம் திரும்பியதும் அடங்கும். இரண்டில் எது என்று இதுவரை யாரும் சோதிக்கவில்லை.

9. கிடங்கில் நடந்த ஆய்வை நான் நேரில் பார்த்தேன். ஆய்வாளர் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. வெயிலில் வியர்த்து வழிய, பொறுமையாகவே பார்த்தார். டயர், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் பார்த்தார். என்ஜினை ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டார். அது சரியாகத் திரும்பி நின்றது. ஆனால் இரு பக்கமும் வேறு வண்டிகள் நெருக்கியடித்து நின்றதால், ஹேண்டில்பாரை நேராக நிறுத்தி, கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். கயிறு அவிழ்க்கப்படவில்லை. நேராக இருக்கும்வரை அந்த வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. மேல்மூடியை அவர் தட்டிப் பார்த்து, "கம்பெனி கிளிப்பு அப்படியே இருக்கே" என்றார். அந்த நேரத்திலும் அப்பா பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, மூடி மேல் படிந்திருந்த கிடங்குத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியில் தெரிந்த தம் முகத்தை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

10. அறிக்கை வந்ததும் அக்கா அதை ஒருமுறைதான் படித்தார். "முறுக்கியிருப்பேன் போல. ஞாபகம் இல்ல" என்றார். அன்றே, தம் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வழக்கறிஞர் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த மாதம் தண்டனை அறிவிக்கப்படும். ஆய்வகத்தில் அவருக்கு வேலை இருக்கிறது, அவர்கள் நீக்கவில்லை. இவர்தான் போவதில்லை. போன வாரம் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க விரல் நுனியில் ஊசி குத்த வேண்டியிருந்தது. அக்கா ஊசியை எடுத்தார், திரும்ப வைத்தார், என்னிடம் நீட்டினார். நான் குத்தினேன். வலித்தும் அம்மா வலிக்கவில்லை என்றார். இரவுச் சாப்பாட்டின்போது அக்கா தம் வலக்கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். அந்தக் கையை அவர் நம்புவதில்லை. ஒரு மனிதரைக் கொன்றதாக அறிக்கை சொல்வது அந்தக் கையைத்தான்.

11. எனக்கு உண்மை பிடிபட்டது தற்செயலாக. வேறொரு வண்டிக்காரர் எங்கள் சந்தில் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினார். என்ஜின் குரல் மாறவில்லை. சன்னலோரம் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன், அது வரவே இல்லை. 'அதுவே கத்துது' என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. மேசையை விட்டு எழுந்து நேரே பட்டறைக்குப் போனேன். சர்ஜனிடம், வண்டியைத் திருப்பும்போது என்ஜின் தானாகக் கத்துமா என்று கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே, "கேபிள் இழுபட்டா கத்தும் தங்கச்சி. ஆனா நான் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேனே" என்றார். பிறகு அவராகவே, "மூடி இல்லாம பாத்தேன்" என்றார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூடியின் உட்புறத்தில் நடுவே ஒரு வரம்பு இருக்கிறது. மூடியை அழுத்திப் போட்டால் அந்த வரம்பு கேபிளைக் கீழே அமுக்கும், இருந்த ஒரு விரல் தளர்ச்சியும் போய்விடும் என்று விளக்கினார். "மூடி போட்டுட்டு ஒருவாட்டி கொண்டாங்கன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன். அவர் வரலை. நாலு எட்டு வெச்சா உங்க வீடு. நானும் வரலை" என்றார். தாம் செய்ததையும் செய்யாததையும் எழுத்தில் தர அவர் சம்மதிக்கிறார். கிளம்பும்போது ஒன்று கேட்டார்: "அப்பாகிட்ட யாரு சொல்றது?"

12. அப்பாவிடம் சொல்வதற்கு முன் விசில்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். எந்த உரிமையில் போனேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒற்றை அறை வீடு. ஆணியில் அவருடைய சீருடை, துவைத்து மடிப்புக் கலையாமல் தொங்கியது. விசிலைத் தங்கள் அலுவலகத்திலிருந்து இன்னும் திருப்பித் தரவில்லை என்றார். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "உங்க அக்காவத் திட்டணும்னுதான் இருந்தேன். வந்து வாசல்ல நின்னாங்க. நின்ன நிலையப் பாத்தா திட்ட வரலை" என்றார். பிறகு கேட்டார்: "ஆனா ஏம்மா அப்படி ஆச்சு? அவருக்கு வண்டி சத்தம் கேட்டாலே எந்த வண்டின்னு தெரியும். வண்டிக்கு முன்னாடி நிக்கிற ஆள் இல்ல அவரு. அந்தப் பொண்ணு நல்லா ஓட்டும்னு தினம் சொல்வாரு. ஏன்னு ஒருத்தர் சொல்ல மாட்டேங்கறாங்களே." நான் அறிந்த வரையில் சொன்னேன். அவர் சீருடையைப் பார்த்தார். "ஒரு மூடிக்கா?" என்றார்.

13. வீட்டுக்கு வந்து முதலில் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெல்லிய குரலில், "அப்பா காதுல இது விழக் கூடாது. நான் ஏத்துக்கிட்டேன், முடிஞ்சுது. விடுடி" என்றார். நான் விடவில்லை. இதற்காக அவர் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை. மறுநாள் கடையில், கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கண்ணாடியை முழுதும் அறுத்து முடித்தார். விளிம்பைத் தேய்த்தார். சட்டத்தில் பொருத்தி, ஆணி அடித்து, சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "மூடிய நான்தான் போட்டேன்" என்றார். இரவு, நான் இம்மனுவின் முதல் வரிகளை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்றார். அவர் பெயர் வராமல் எழுத முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "யார் போட்டான்னு தெளிவா எழுது" என்றார். மேலே ஐந்தாம் பத்தியில் அவ்வாறே எழுதியுள்ளேன்.

14. ஐயா, ஒருவர் மேலிருக்கும் பழியை இன்னொருவர் தலையில் கட்டுவதற்காக இதை எழுதவில்லை. கட்டுவதாக இருந்தால், அந்தத் தலை என் அப்பாவுடையது. என் வீட்டில் இருவரில் ஒருவரை நான் எப்படியும் இழக்கிறேன். அறிக்கை தவறாக இருந்தால், அக்கா செய்யாததற்குத் தண்டனை அனுபவிப்பார். சரியாகத் திருத்தப்பட்டால், அப்பா தாம் செய்ததை மீதி நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் எனக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் ஒரு மனிதர் எப்படி இறந்தார் என்று அரசு எழுதி வைக்கும் தாளில், நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். அவருடைய மனைவி கேட்ட கேள்விக்கு அதைத் தவிர வேறு பதில் இல்லை.

எனவே தங்களிடம் நான் வேண்டுவன:

அ) வண்டியைத் திரும்பப் பெற விருப்பமில்லை என்று என் தந்தை முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்தது உண்மை. அன்று அதைக் கண்ணால் பார்க்கும் தெம்பு வீட்டில் யாருக்கும் இல்லை. அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறோம். மறு ஆய்வு முடியும்வரை வண்டியை நசுக்கும் ஆலைக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆ) ஹேண்டில்பாரைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்து, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, என்ஜினை ஓடவிட்டு, இடப்பக்கம் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். சர்ஜனும் உடன் இருக்க அனுமதிக்க வேண்டும்.

இ) இது மிக முக்கியம்: அதுவரை மேல்மூடியை யாரும் கழற்றக் கூடாது. கழற்றினால் கேபிள் தளர்ந்துவிடும். பிறகு எத்தனை முறை திருப்பினாலும் என்ஜின் கத்தாது. அறிக்கை சொல்வதே சரி என்று ஆகிவிடும்.

ஈ) சோதனையின் முடிவு எதுவானாலும் அதை, அக்காவுக்குத் தண்டனை அறிவிக்கும் நீதிமன்றத்துக்கும், இறந்தவரின் மனைவிக்கும், அவருக்குப் புரியும் சொற்களில் தெரிவிக்க வேண்டும். காவலரின் விசிலையும் அவரிடம் திருப்பித் தர வேண்டும்.

நான் சொல்வது தவறு என்று சோதனை காட்டினால் அதையும் ஏற்றுக்கொள்வேன். திருப்பிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மட்டும் என்னால் இயலவில்லை. தங்கள் உத்தரவை எதிர்நோக்குகிறேன்.

இடம்: நீர்த்தொட்டிச் சந்து
நாள்: நவம்பர் 9

இப்படிக்கு,
தங்கள் நேரத்துக்கு நன்றியுடன்,
(கையொப்பம்)

இணைப்பு: மெக்கானிக் தம் கைப்பட எழுதிய வாக்குமூலம்.

பிற்சேர்க்கை, நவம்பர் 10:

இம்மனுவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுக்க, இன்று காலை அப்பாவுடன் கிடங்குக்கு வந்தேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் அறுத்த கயிறும் கிடந்தன. அது நேற்று மதியமே ஆலைக்குப் போய்விட்டதாகக் கிடங்குக் காவலர் சொன்னார். ஆலைக்கு ஓடினோம். முடிந்துவிட்டிருந்தது. எனவே மேலே அ, ஆ, இ எனக் கேட்டவை இனி இயலாதவை.

கிடங்குக்குத் திரும்பியபோது காவலர் எங்களை நிறுத்தி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். "ஒரிஜினல் பீஸ்னு சொன்னாங்க. நசுக்க மனசு வரலை, கழட்டி வெச்சேன். உங்களுதுதானே பெரியவரே?" என்று அப்பாவிடம் நீட்டினார். மேல்மூடி. கிளிப்புகள் எல்லாம் ஒடியாமல் இருந்தன. அப்பா அதை வாங்கி, கவிழ்த்து, உட்புறத்தைப் பார்த்தார். நடுவில் இருக்கும் வரம்பின் மேல், கேபிள் அழுந்திய கறுப்புத் தடம், ஒரு விரல் அகலத்துக்கு, பளபளவென்று தேய்ந்திருந்தது.

அதை இம்மனுவுடன் இணைத்துள்ளோம். பொதியைக் கட்டியவர் என் தந்தை. மூடியின் மேல் கிடங்குத் தூசி இருக்கிறது. அவர் அதைத் துடைக்கவில்லை.